நேனிக்கும் கெச்கெமேட் சேர்ந்திசைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி

ஹங்கேரியின் கெச்கெமேட் நகரில் கூடிய இசை ஆசிரியர்களை வரவேற்றுத் தாங்கிய எல்லோருக்கும் வணக்கம்.

சுருதிப் பெட்டியும் பாடத்தாள்களும் துணிமணிகளும் இருந்த எங்கள் பெட்டிகள் விமானத்தில் வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு நடந்தது இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. எங்கள் செய்முறை வகுப்பு நடக்காது என்றே முந்தின இரவுவரை எல்லோரும் நினைத்திருந்தோம். நடந்தது, நன்றாகவே நடந்தது. மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. அது ஆறிப்போவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி நேனிக்கு. அந்த ஊரில் பிள்ளைகள் ஆசிரியையை நேனி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். உரையாற்றியவர்கள் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. வருகிறவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையும் நிகழ்ச்சித் தாளும் எடுத்துக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார். சுருதிப் பெட்டி இல்லாமல் எப்படிப் பாடுவது என்று நாங்கள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. கைப்பையைத் திறந்து ஓர் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்; தட்டினால் ஒரே சுரம் தரும் உலோகக் கவை) எடுத்து எங்கள் கையில் வைத்தார்.

போனில் சுருதி ஆப் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். இருந்தது. ஆனால் எங்களை வரவேற்ற இசைக் கல்வி நிறுவனம் இயங்குவது பழைய பிரான்சிஸ்கன் துறவியர் மடத்தில். கல் சுவர், வளைந்த கூரை. போனின் சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஸட்ஜமம் ஏறவே ஏறாது. மேலே இருக்கும் கீச்சு ஓசை மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வரும். முதல் வரிசைக்கு இரைச்சல், கடைசி வரிசைக்கு ஒன்றுமில்லை. அதை நம்பிப் பாட முடியாது.

இசைக்கவையை எப்படித் தட்டுவது என்பதிலிருந்து நேனி தொடங்கினார். மேசை விளிம்பில் தட்டக் கூடாது. அப்படித் தட்டினால் முதலில் கேட்பது கவையின் சுரம் அல்ல, அதற்கு வெகு மேலே 'கிண்' என்று எழும் கூர்மையான ஓசை. கவையும் நாளடைவில் கெட்டுப்போகும். முழங்காலில் அல்லது உள்ளங்கையின் அடிச்சதையில் தட்டி, காதுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கும் கேட்க வேண்டுமென்றால் காம்பை மரப்பலகையில் ஊன்றலாம். சத்தம் பெருகும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும்.

அவர் கொடுத்த கவை நொடிக்கு 440 அதிர்வு. மேல்நாட்டுக் கணக்கில் 'ஏ' சுரம், ஸட்ஜமம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டையால் சொல்லும் நம் கணக்கில் ஆறு கட்டை. அந்த ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு யாருடைய சுருதியையும் பிடித்துவிடலாம். இது நம் பாட்டு வாத்தியார்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம். ஆறு கட்டையில் பாடுகிறவருக்குக் கவையே ஸட்ஜமம். ஐந்து கட்டைக்காரர் கவையைச் சதுச்ருதி ரிஷபமாக நினைத்து ஒரு படி இறங்கினால் ஸ. ஐந்தரை என்றால் அதுவே சுத்த ரிஷபம். நாலு கட்டைக்கு அந்தர காந்தாரம், நாலரைக்கு சாதாரண காந்தாரம். ஆண் குரலில் ஒரு கட்டைக்காரருக்குச் சதுச்ருதி தைவதம், அங்கிருந்து த–ப–ம–க–ரி–ஸ என்று நிதானமாக இறங்கி வர வேண்டும். எல்லாவற்றிலும் சுலபம் இரண்டு கட்டை, கவை நேராகப் பஞ்சமத்தைக் கொடுத்துவிடும். ஹங்கேரியில் பள்ளிப் பிள்ளைகள் செய்வதும் இதேதான். பாட்டுக்குப் பாட்டு அவர்களுடைய 'டோ' (நம் ஸட்ஜமம்போல, டோ–ரே–மி–ஃபா–ஸோ–லா–டி வரிசையின் முதல் சுரம்) இடம் மாறும், கவை மாறாது. கவையின் சுரம் இந்தப் பாட்டில் லாவா, ரேயா, மியா என்று முதலில் முடிவு செய்துகொண்டு அங்கிருந்து டோவுக்கு இறங்குகிறார்கள்.

இத்தோடு அவர் நின்றிருந்தாலே பெரிய உதவி. மறுநாள் காலை, அவர் பாடும் உள்ளூர்ச் சேர்ந்திசைக் குழுவிலிருந்து பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலைக்குப் போகிற பெண்கள், அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தார்கள். உங்கள் தம்புரா நாங்கள்தான் என்றார்கள்.

பாடகியின் சுருதி ஐந்து கட்டை. ஏழு பேர் கீழ் டோவில், அதாவது ஸட்ஜமத்தில். ஐந்து பேர் ஸோவில், நம் பஞ்சமத்தில். முதலில் வாயை மூடி 'ம்' என்று முனகிப் பார்த்தார்கள். இனிமையாக இருந்தது, ஆனால் தம்புராவின் நாதம் அதில் இல்லை. வாய் மூடியிருந்தால் மேல் அதிர்வுகள் உள்ளேயே மழுங்கிப்போகின்றன. நேனி அதை 'ஓ' என்று மாற்றச் சொன்னார். உதட்டைக் குவித்து, தாடையைத் தளரவிட்டு, குரலில் நடுக்கம் இல்லாமல். மாற்றிய சில நொடிகளில், யாருமே பாடாத அந்தர காந்தாரம் கூடத்தில் மெல்ல எழுந்தது. நல்ல தம்புராவில் கேட்குமே, அதே காந்தாரம். பியானோவில் அமுக்கினால் வரும் காந்தாரத்தைவிட இது கொஞ்சம் இறங்கியிருக்கும், ஓர் அரைச் சுரத்தை நூறு பங்காக வைத்தால் பதினான்கு பங்கு அளவுக்கு. குழந்தைகளின் குரலைப் பியானோவோடு பழக்காதீர்கள், ஒரு குரலுக்கு இன்னொரு குரலையே துணையாக வையுங்கள் என்று ஹங்கேரிய இசையமைப்பாளரும் இசைக் கல்வியாளருமான ஸோல்டான் கோடாய் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. மூச்சு எடுத்துத் திரும்பி வரும்போது மெல்லிசாக நுழைந்து பிறகு நிரப்பு. இதை மீறினால் சுருதியில் ஓட்டை விழும். அதைவிட மோசம், நுழைகிறவர்கள் சுரத்தைக் கீழிருந்து பிடிப்பார்கள், மொத்தச் சுருதியும் அவர்களோடு இறங்கும். துணைக் கருவி இல்லாத எந்தக் குழுவுக்கும் உள்ள நோய் இது. அறை புழுங்கினால் இன்னும் வேகமாக இறங்கும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நேனி கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். கவை ரேயாகக் கேட்டால் சரி. ரேயைவிடச் சற்று உயரமாகக் கேட்டால் குழு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் பேசாமல் கட்டைவிரலை லேசாக உயர்த்துவார். சுருதி ஏறி நிற்கும்.

எங்கள் வகுப்பின் உயிரே மோகனம், சுத்த தன்யாசி என்ற ஐந்து சுர ராகங்கள்தான். டோ ரே மி ஸோ லா என்பது அப்படியே மோகனம். ஹங்கேரியின் பழைய நாட்டுப் பாடல்களில் பல இதே ஐந்து சுரங்களை லாவில் நிறுத்தி முடிக்கின்றன. லாவை ஸட்ஜமமாகக் கொண்டால் அது சுத்த தன்யாசி. நம்மவர்களுக்கு இது மோகனத்தின் தைவதத்தில் செய்யும் கிரக பேதம், அதாவது சுரங்களை மாற்றாமல் ஸட்ஜமத்தை மட்டும் வேறு சுரத்துக்கு நகர்த்துவது. சொல்லிவிடலாம், காதில் உணர வைப்பதுதான் கடினம். சுருதிப் பெட்டி ஸ–பவிலேயே நின்றுகொண்டிருந்தால், லாவில் முடிகிற பாட்டும் தைவதத்தில் தொங்குகிற மோகனமாகத்தான் கேட்கும். சுருதியே நகர வேண்டும்.

நகர்த்தியது நேனியின் இரண்டு கைகள். ஒவ்வொரு சுரத்துக்கும் அவர்களிடம் ஒரு கைச்சைகை உண்டு. இடது கையில் டோவுக்கான மூடிய முஷ்டி, வயிற்றருகில். வலது கையில் ஸோ, பெருவிரல் மேலே இருக்க உள்ளங்கை நெஞ்சைப் பார்த்தபடி. பாடகி மோகனத்தைத் தைவதத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வலது கை ஒரு படி மேலேறி மணிக்கட்டிலிருந்து தொங்கியது: லா. இடது கை முஷ்டி விரிந்து தரையைப் பார்த்த தட்டையான உள்ளங்கையாக உயர்ந்தது: மி. கை முதலில், குரல் அரை நொடி கழித்து. இந்த இடைவெளிதான் கைச்சைகையின் சூட்சுமம். குரலோடு சேர்ந்து கை அசைந்தால் பாடுகிறவர் சுரத்தை முன்கூட்டி மனத்தில் கேட்க நேரமே கிடைக்காது. ஸோவில் இருந்த ஐவர் லாவுக்கு ஏறினார்கள், அது புது ஸட்ஜமம். டோவில் இருந்த எழுவர் மிக்கு ஏறினார்கள், அது அதன் கீழே மந்தரப் பஞ்சமம். பஞ்சமம் கட்டிய தம்புரா அப்படியே உருவாகிவிட்டது. கூடத்தில் இருந்த ஹங்கேரிய ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே தங்கள் பாட்டைத் தொடங்கினார்கள். மேலே ஆரம்பித்து, பாதியில் அதே வரியை ஐந்தாம் சுர அளவு கீழே இறக்கிப் பாடும் பழைய பாணிப் பாட்டு.

வேலைக்குப் போகும் பெண்கள் இதையெல்லாம் எப்படி ஒரே காலையில் செய்தார்கள் என்று வியந்தவர்களுக்கு ஒரு விவரம். இது கோடாய் பிறந்த ஊர். 1882-இல் பிறந்தார், அப்பாவுக்கு இந்த ஊர் ரயில் நிலையத்தில் வேலை. தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் முதல் ஆரம்பப் பள்ளி 1950-இல் இங்கேதான் தொடங்கியது. எங்களை வரவேற்ற நிறுவனம் 1975-இலிருந்து இயங்குகிறது. நாட்டுப்புற இசையைக் காக்கும் கோடாயின் வழியை 2016-இல் யுனெஸ்கோ தன் நற்செயல் பதிவேட்டில் சேர்த்தது. அப்பேர்ப்பட்ட ஊரில் வளர்ந்த பெண்களுக்கு இரண்டு குரலில் நிற்பது சைக்கிள் ஓட்டுவதைப்போல. கற்றது மறக்காது.

கவையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வாங்க மறுத்துவிட்டார்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். புடாபெஸ்ட் விமான நிலையத்தில் இரவெல்லாம் கூட நின்ற தமிழ் மாணவர்கள். மாற்றுத் துணியும் ஒரு பட்டுப் புடவையும் கொடுத்தனுப்பிய அக்கா. புடாபெஸ்டின் நியுகாதி ரயில் நிலையத்தில் எங்களைச் சரியான ரயிலில் ஏற்றிவிட்ட அண்ணன். பாடத்தாள்களை விடியற்காலையில் மறுபடி அச்செடுத்துக் கொடுத்த நிறுவன மாணவர்கள். லெச்சோ என்ற குடைமிளகாய்–தக்காளிக் குழம்பில் பன்றிக் கொழுப்புக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றியும், தூரோஷ் சுசா என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸில் பன்றி வறுவலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தும், சூப்புக்கு எலும்புச் சாறு சேர்க்காமலும் சைவக்காரர்களை ஒரு வேளைகூடப் பட்டினி போடாத சமையலறைக்காரர்கள். ஊரில் இருந்துகொண்டு பணம் திரட்டி அனுப்பிய பெற்றோர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுகிறோம்.

கடனுக்கு என்ன செய்வது என்று திரும்பும் ரயிலில் பேசி முடிவெடுத்தோம். தமிழ்க் குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டு, தாலாட்டு, எண்ணுப் பாட்டு ஆகியவற்றைச் சுர எண்ணிக்கைப்படி அடுக்கித் தொகுக்கப் போகிறோம். முதலில் ஸோ–மி என்ற இரண்டு சுரத்தில் அடங்குபவை, பிறகு லா சேர்பவை, பிறகு டோவும் ரேயும். அரைச் சுரம் கொண்டவை கடைசியில், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் ஃபாவையும் டியையும்தான் முதலில் பிசகவிடுவார்கள். தாய்மொழிப் பாட்டில் தொடங்கு என்பது கோடாயின் முதல் விதி, அதற்கு நம்மிடம் வரிசைப்படுத்திய தொகுப்பு தேவை. எங்கள் வகுப்புகளில் கீபோர்டை ஓரமாக வைத்துவிட்டு இசைக்கவையில் தொடங்குவதாகவும் உறுதி எடுத்திருக்கிறோம். டீச்சர் கூடவே பாடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் தவறுவது டீச்சர் காதில் விழாது, அதனால் தொடக்கச் சுரத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதாகவும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படிப் பாட்டுகள் தெரிந்திருந்தால் பதிவு செய்து வையுங்கள். அவர்கள் இயல்பாக எந்தச் சுருதியில் எடுக்கிறார்களோ அதிலேயே, திருத்தாமல், முழுப் பாட்டையும். எந்த ஊர், எந்த விளையாட்டுக்குப் பாடுவது, கை எப்போது தட்டுவது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். முதல் தொகுப்பு தயாரானதும் ஒரு பிரதி நேனிக்குப் போகும்.

நன்றியுடன்,
கெச்கெமேட் சென்று திரும்பிய தமிழ் இசை ஆசிரியர்கள்