காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. திருத்திய விடைத்தாள்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறோம். பார்த்துக் கையெழுத்துப் போட்டு, விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் திருப்பி அனுப்புங்கள். இந்தப் பருவம் நல்லபடியாகவே போனது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டு பரிசும் வாங்கி வந்தார்கள். சுதந்திர தினம், ஆசிரியர் தினம், கலைத் திருவிழா எல்லாம் சிறப்பாக நடந்தன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

அப்புறம், நம் மாலை நேர நிகழ்ச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் நம் பள்ளி இருக்கும் இடம் ஒரு கொடுப்பினை. ஒரு பக்கம் சர் தியாகராயர் கல்லூரி, இன்னொரு பக்கம் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, கொஞ்சம் தள்ளிப் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி. தோளில் பை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்காமல் நம் தெருக்களில் ஒரு நாள் போகாது. 1950-ல் தொடங்கிய தியாகராயர் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பிட்டி தியாகராயர் நம் வடசென்னைக்காரர். 1920-ல், அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் வயிற்றையும் பள்ளிக்கூடம்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்த மனிதரின் ஊர் இது. அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு.

இந்தப் பருவத்தில் பக்கத்துக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரத்தில் ஐந்து நாளும் மாலையில் நம் பள்ளிக்கு வந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி கால்பந்து. செவ்வாய்க்கிழமை வாசிப்பு. வியாழக்கிழமை கேரம். ஒரு சனிக்கிழமை மருத்துவ மாணவர்கள் வந்து பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு உங்களில் பலர் வாசலில் வரிசையில் நின்று, "எங்களுக்கும் பார்ப்பீங்களா?" என்று கேட்டதும், அவர்கள் சலிக்காமல் உங்களுக்கும் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

கேரம் வகுப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். செரியன் நகர் நமக்கு நடந்து போகும் தூரம். அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொன்ன பிறகு, ஆறாம் வகுப்புப் பெண்கள் போரிக் பவுடர் டப்பாவை வீட்டிலிருந்தே எடுத்துவர ஆரம்பித்தார்கள். அதுவரை போர்டுக்குப் பக்கத்திலேயே வராத பெண்கள் அவர்கள். மாலை நேரம் எதற்கு என்று யாராவது கேட்டால், என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

இந்த நிகழ்ச்சிகள் ஆறு மணிக்கு முடியும் என்று ஜூலையிலேயே உங்களுக்கு எழுதியிருந்தேன். ஆறு மணிக்குப் பெற்றோரில் ஒருவரோ, வீட்டுப் பெரியவர் ஒருவரோ வந்து அழைத்துப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் ஆறேகால் ஆனது, ஆறரை ஆனது. இப்போது பதிவேட்டைப் புரட்டினால், செப்டம்பரில் ஒரு நாள்கூட ஆறு மணிக்குக் கேட் பூட்டவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. மணி ஏழு நாற்பது. நான் அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால், வராந்தாப் படியில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருக்கிறார். முதலாம் ஆண்டு படிப்பவர், வீடு மீஞ்சூருக்கு அந்தப் பக்கம். மூன்றாம் வகுப்புப் பையன் அவர் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான். நனைந்த ஷூவும் சாக்ஸும் படியோரம் காய்கின்றன. அந்தப் பெண் தன் துப்பட்டாவால் பையனின் காலை மூடியிருக்கிறார். போனில் தன் அம்மாவிடம், சத்தம் வராமல், "அடுத்த வண்டிக்கு வந்துடுறேம்மா" என்கிறார். நீங்கள் கிளம்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "இப்பத்தான் தூங்கினான் சார், எழுப்ப வேணாம்" என்றார்.

பையனின் அப்பா ஏழு ஐம்பதுக்கு வந்தார். பாரிமுனையில் லோடு ஏற்றும் வேலை. வண்டி கிளம்பாமல் அவரால் நகர முடியவில்லை. அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. அன்றைக்கு அந்தப் பெண் வீடு போய்ச் சேர இரவு ஒன்பதரை மணி தாண்டிவிட்டது. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவருக்காகவும் ஓர் அம்மா மழையில் ஸ்டேஷனில் காத்திருந்தார்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது கணக்கு. நம் பள்ளிக்கு வருபவர்களுக்கு ஆறு மணிவரைதான் கையெழுத்து. அதற்குமேல் உங்கள் பிள்ளையோடு அவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் எந்தக் கணக்கிலும் வராது. யாரும் சொல்லி அவர்கள் உட்காரவில்லை. தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் காவலாளி அண்ணனும் ஆயாம்மாவும் அப்படித்தான். ஆயாம்மா வீட்டிலும் சாயங்காலம் அடுப்பு பற்றவைக்க வேண்டும்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலர் காவலாளிக்குப் போன் செய்து, "அனுப்பிவிடுங்க, அவனே வந்துடுவான்" என்கிறீர்கள். சிலர் ஐந்தாம் வகுப்பு அக்காவை நம்பி இரண்டாம் வகுப்புத் தம்பியை அனுப்பச் சொல்கிறீர்கள். இனி அப்படி அனுப்ப மாட்டோம். யார் சொன்னாலும் அனுப்ப மாட்டோம். காசிமேடு பக்கம் போகும் பிள்ளைகள் எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்ட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அங்கே எப்படி வரிசைகட்டி நிற்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, வண்டியின் மூக்குக்கு நேர் கீழே நிற்கும் சின்னப் பிள்ளை கண்ணில் படவே படாது. இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து ஓடும் ஏழு வயதுப் பிள்ளையை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மழையும் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து மாலை நிகழ்ச்சிகள் 5.15-க்கே முடிந்துவிடும். 5.30-க்குள் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மாலை நிகழ்ச்சி கிடையாது; காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுவோம். இந்தக் கடிதத்தோடு இருக்கும் சீட்டில், உங்கள் பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். மூன்று பேர்வரை எழுதலாம், எல்லோரும் பதினெட்டு வயதுக்கு மேல் இருக்க வேண்டும். சீட்டில் பெயர் இல்லாதவரோடு பிள்ளையை அனுப்ப மாட்டோம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரே மாதத்தில் இரண்டு முறை தாமதமானால், அடுத்த இரண்டு வாரம் அந்தப் பிள்ளை பள்ளி விட்டதும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இந்தக் கடைசி விதியை எழுதிவிட்டு இரண்டு முறை அடித்தேன். தாமதமாவது பெரியவர்களால், கால்பந்தை இழப்பது பிள்ளை. அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் இப்படியே போனால், கல்லூரிப் பிள்ளைகளை இனி அனுப்ப அவர்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலை நிகழ்ச்சி போய்விடும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தீபாவளி நெருங்கும்போது எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களால் ராத்திரிக்கு முன் வெளியே வர முடியாது. வீட்டுவேலைக்குப் போகும் அம்மாக்கள் கடைசி வீட்டுப் பாத்திரம் முடித்தால்தான் கிளம்ப முடியும். துறைமுகத்து வேலைக்கு நேரம் காலம் கிடையாது. எல்லோராலும் ஐந்தரைக்கு வர முடியாது. எல்லோரும் வர வேண்டிய அவசியமும் இல்லை.

காசிமேட்டுப் பக்கத்திலிருந்து தினமும் வரும் ஓர் ஆயாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவருடைய பேத்தி ஒருத்திதான் நம் பள்ளியில் படிக்கிறாள். ஆனால் போகும்போது அவரோடு ஐந்து பிள்ளைகள் போவார்கள். கேட்டைத் தாண்டும்போதே கை கோத்துவிட வேண்டும், ரோட்டில் யாரும் கையை விடக் கூடாது என்பது ஆயாவின் சட்டம். ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. மற்ற நான்கு பிள்ளைகளின் அம்மாக்களும் முறைவைத்து அவர் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவர் கிடைத்தால் போதும். பள்ளி திறக்கும் நாளன்று மாலை நான்கரைக்கு, பள்ளி மேலாண்மைக் குழுவினர் தெருவாரியாகப் பெற்றோர்களைச் சேர்த்து உட்காரவைப்பார்கள். யார் எந்தக் கிழமை வர முடியும் என்று அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம். வர முடியாதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள். நானும் அன்று கூடவே இருப்பேன்.

இவ்வளவு நாள் உங்கள் பிள்ளைகளை எங்களை நம்பி விட்டிருக்கிறீர்கள். தாமதமாக வந்த அன்றைக்கும் மன்னிப்புக் கேட்காமல் போனவர் ஒருவரும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு டீயும் சுண்டலும் கொண்டுவந்து கொடுத்த அம்மாக்களுக்கும், கால்பந்துக்குக் காற்றடித்துத் தரும் சைக்கிள் கடை அண்ணனுக்கும் என் மனமார்ந்த நன்றி. மீஞ்சூர்ப் பெண் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். வாசிப்பு வகுப்புக்குப் புதிதாகச் சில புத்தகங்கள் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சீட்டை நிரப்பி, விடைத்தாளோடு சேர்த்தே கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பழைய வண்ணாரப்பேட்டை