அழைப்பு மணி எந்தக் கைப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்பிக் கடையில் என்னைப் பார்க்கிற நண்பர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "உங்கள் அக்கா இருக்கிற தாதிமை இல்லம் நல்ல இல்லமா?" என்பதுதான். கேட்பவர்கள் எல்லோருமே என் வயதுக்காரர்கள். வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் இன்னொரு முறை குளியலறையில் விழுந்தால் என்ன செய்வது என்று கவலைப்படுகிறவர்கள். இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் அந்த இல்லத்துக்குப் போய்வரும் எனக்கே இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் பாதுகாப்பு மேற்பார்வையாளராக. சோதனை போடுவதுதான் எனக்குச் சோறு போட்டது. அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு பட்டறை எப்படி மாறும் என்பதை நேரில் பார்த்தவன் நான். ஒரே இரவில் கைப்பிடிக் கம்பிகளுக்கு மஞ்சள் சாயம் ஏறும். தீயணைப்பான்களின் தூசு பறக்கும். ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த பதிவேடு அலமாரியிலிருந்து தானே இறங்கி வரும்.

அக்காவுக்குப் பக்கவாதத்தில் இடது கையும் காலும் போய்விட்டன. இல்லத்தில் சேர்த்த மூன்றாவது வாரம், ஒரு பிற்பகல் நான் போனபோது அவருடைய உதடு உலர்ந்து வெடித்திருந்தது. "தாகமாக இருந்தால் மணியை அழுத்தக் கூடாதா, அக்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கண்ணால் இடது பக்கம் காட்டினார். கட்டிலின் இடது கம்பியில், வயரைச் சுற்றி ஒழுங்காக முடிச்சுப் போட்டு, அழைப்பு மணி தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குவளையும் அதே பக்கத்தில். மணி பழுதா என்று அழுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் தாதி ஓடிவந்தார்.

யாருடைய கல்நெஞ்சமும் இதற்குக் காரணமில்லை. சுவரில் இணைப்பு இருப்பது இடது பக்கம், அந்த வரிசையில் எல்லாக் கட்டிலுக்கும் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். நீளமான வயர் போட்டு வலப்பக்கம் மாற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. கவனிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சோதனை அதிகாரி அன்று வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? அழைப்பு மணி இருக்கிறதா, இருக்கிறது. வேலை செய்கிறதா, செய்கிறது. தாதி வருகிறாரா, விரைவாக வருகிறார். மூன்று கட்டத்திலும் சரி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். நானும் பட்டறையில் அப்படித்தான் போயிருப்பேன் என்று நினைக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, நேரத்துக்கு எதிரே கையொப்பம் இட வேண்டும். ஒருநாள் பிற்பகல் 3.40க்கு நான் பார்த்தபோது, 4 மணிக் கட்டத்தில் கையொப்பம் விழுந்திருந்தது. எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது. எண்ணெய்த் தொட்டிக்குள் வாயுச் சோதனை செய்வதற்கு முன்பே நிரப்பிவைத்த படிவங்களை நான் பறிமுதல் செய்திருக்கிறேன். அந்த மை எனக்குப் பழக்கமானது.

ஆனால் சிரித்து விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. வால் எலும்பு, குதிகால் போன்ற இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்திலேயே புண்ணுக்கு வித்து விழுந்துவிடும். முதல் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளிறாத ஒரு சிவப்புத் திட்டு. நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும், அந்த இடம் சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அதே இல்லத்தின் மூத்த தாதி ஒருவர். பராமரிப்பை மதிப்பிடுவது என்றால் அந்த விரல் நுனியை மதிப்பிடுவதுதான் என்று அன்று தோன்றியது. தாளில் உள்ள கையொப்பம் அதற்கு எவ்வளவு சாட்சி சொல்லும்?

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா இளமையில் தேக்கா சந்தையில் மலாயில் பேரம் பேசியவர். நோய் வந்த பிறகு மலாய், அரைகுறை ஆங்கிலம் எல்லாம் கழன்று தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கேட்டு எழுதுவார்கள். அக்கா "எரிகிறது, எரிகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள் பதிவேட்டில் பூஜ்யம் இருந்தது. எரிந்தது சிறுநீர். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் கிருமித்தொற்று என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அட்டையில் பதினைந்து சொற்களைத் தமிழிலும் ஆங்கில ஒலியிலும் எழுதிக் கட்டிலருகே ஒட்டினேன். மியன்மாரிலிருந்து வந்த ஒரு பெண் நான்கே நாளில் அவற்றை மனப்பாடம் செய்துவிட்டார். "வலியா, அம்மா? எங்கே?" என்று அவர் கேட்கும்போது அக்காவின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை பேரைக் குளிப்பாட்டி, அணையாடை மாற்றி, ஊட்டிவிடுகிறார் அந்தப் பெண்! அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை எல்லாம் அந்த அட்டையை எழுத ஒரு தம்பி வர வேண்டியிருந்ததில்தான்.

நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. 2011ல் ஓர் இல்லத்தில் மூதாட்டி ஒருவர் தாக்கப்பட்ட காட்சி தொலைக்காட்சியில் வந்து நாடே அதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். சில ஆண்டுகளில், 2014ல், சுகாதார அமைச்சு மருத்துவப் பராமரிப்பு, சமூகப் பராமரிப்பு, நிர்வாகம் மூன்றுக்கும் மேம்பட்ட தரநிலைகளை வகுத்தது. 2023 டிசம்பரில் தாதிமை இல்லங்கள் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின் உரிமமுறைக்குள் வந்தன. ஆய்வுகளும் நடக்கின்றன. ஆய்வில் கண்டது என்ன என்பதுதான் என் போன்றவனுக்குக் கிடைப்பதில்லை.

ஒரு கட்டுமான நிறுவனத்தின் பாதுகாப்பு எப்படி என்று அறிய வேண்டுமானால், மனிதவள அமைச்சின் செக்சேஃப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் போதும். வேலையிடக் காயங்கள், குறைப் புள்ளிகள் எல்லாம் வந்துவிடும். 2004ல் ரயில் சுரங்கப் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நால்வர் மாண்ட பிறகு வேலையிடப் பாதுகாப்பில் வந்த மாற்றங்களை நான் உள்ளிருந்து பார்த்தவன். பெயர் வெளியே வரும் என்ற பயம் அபராதத்தைவிட அதிகம் வேலை செய்தது. சாரம் கட்டுகிற நிறுவனத்தைப் பற்றி அறிய ஒரு பக்கம் இருக்கிறது. அக்காவைப் புரட்டிப் படுக்கவைக்கிற இல்லத்தைப் பற்றி அப்படி ஒரு பக்கத்தை நான் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அமெரிக்காவில் 2008 முதல் ஒவ்வொரு தாதிமை இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருகிறார்கள். இங்கிலாந்தில் ஆய்வுத் துறை தரும் மதிப்பீட்டை இல்லத்தின் வாசலிலேயே எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2022 முடிவில் நட்சத்திரங்களுக்கு வந்துவிட்டது. நட்சத்திரங்களை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஊழியர் எண்ணிக்கையை இல்லங்களே சொல்லிக்கொண்டன. சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்கிடத் தொடங்கியது 2018ல்தான். 3.40க்குப் போட்ட 4 மணிக் கையொப்பம் எல்லா நாட்டிலும் உண்டு.

"நீங்கள் என்ன தேர்ந்தெடுக்கவா போகிறீர்கள்? எங்கே படுக்கை காலியோ அங்கேதானே போகிறோம்" என்பார் என் மைத்துனர். உண்மைதான். மருத்துவமனையில் சமூக சேவையாளர் கேட்கிறார், நாம் விருப்பம் சொல்கிறோம், காலியிடம் முடிவு செய்கிறது. ஆகவே எனக்கு வேண்டியது கடைகளை ஒப்பிட உதவும் விலைப்பட்டியல் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்காக வெளியே இருப்பவர்கள் கேள்வி கேட்கத் தேவையான தகவல். 2030க்குள் நாட்டில் தாதிமை இல்லப் படுக்கைகள் 31,000ஐத் தாண்டும் என்கிறது அமைச்சு. கட்டடங்களுக்குக் காட்டும் வேகத்தில் கொஞ்சம் இதற்கும் வரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு, இது பட்டறை கற்றுத் தந்தது. மயிரிழையில் தப்பிய சம்பவங்களைக் குழுவினர் எழுதித் தர வேண்டும் என்று விதி. மாதம் பத்து எழுதித் தந்த குழுவைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. மாதக்கணக்கில் ஒன்றுகூட எழுதாத குழுவிடம்தான் தினமும் போய் நிற்பேன். தாதிமை இல்லங்களிலும் விழுந்தவர்கள், புண் வந்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், மறைக்கத் தெரிந்த இல்லம் முதலிடம் வாங்கும். எண்ணிக்கை போதாது, விழுந்த மறுநாள் அந்த இல்லம் எதை மாற்றியது என்பதும் வெளியே வர வேண்டும். விழுந்துவிடக் கூடாதே என்று நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டு "எங்களிடம் யாரும் விழுவதில்லை" என்று சொல்வது மிகவும் சுலபம்.

ஆகவே அமைச்சுக்கு என் வேண்டுகோள்: ஆய்வு முடிவுகளை இல்லம் இல்லமாக, நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வெளியிடுங்கள். ஆய்வுக்கு வருபவர்கள் காலை பத்து மணிக்கு வருவதோடு நிறுத்தாமல், ஐந்து மணிக்கே இரவு உணவு முடிந்து எல்லோரும் படுத்துவிட்ட பிறகும் ஒருமுறை வரட்டும். பதிவேட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கட்டிலருகே உட்கார்ந்து, படுத்திருப்பவரிடம் அவருடைய மொழியிலேயே, "அம்மா, மணியை ஒருமுறை அழுத்துங்கள், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கை எட்டுகிறதா என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
ஈசூன்