எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: 36இன் வர்க்கமூலம் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். 36இன் வர்க்கமூலம், அதாவது எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 36 வருமோ அந்த எண், 18 என்று பலர் எழுதியிருந்தார்கள். 16க்கு 8, 100க்கு 50. கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாணவியை அழைத்துக் கேட்டபோது, “4க்கு 2தானே சார், பாதிதானே வருது?” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடத்தை நாங்கள் தொடங்கியதே 4இலிருந்துதான். இரண்டையும் இரண்டையும் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. இயல் எண்களில் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் பாதியும் வர்க்கமூலமும் ஒன்றாக அமையும். பிள்ளை தான் பார்த்ததை வைத்து ஒரு விதியைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். நாங்கள் காட்டிய எடுத்துக்காட்டுதான் போதவில்லை. இனி 9இலிருந்து தொடங்கும்படி கணக்கு ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, நோட்டில் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு யாரும் திட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக 36 புளியங்கொட்டைகளை எண்ணிக் கொடுத்துச் சதுரமாக அடுக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு 6 வரும். சதுரத்தின் ஒரு பக்கமான அந்த 6தான் வர்க்கமூலம். இன்னும் ஒரு கொட்டை சேர்த்தால் அது எங்கும் சேராமல் தனியாக நிற்கும். இப்படிச் சதுரமாக அடுக்க முடியாததால் 37 முழு வர்க்க எண் இல்லை. 36ஐ அடுத்த சதுரமாக்க எத்தனை கொட்டை வேண்டும் என்றும் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு 6, இன்னொரு பக்கத்துக்கு 6, மூலைக்கு 1, ஆக 13. பிள்ளைகள் 12 என்பார்கள். மூலையில் இருக்கும் ஓட்டையைத் தாங்களே பார்க்கும்வரை பொறுத்திருங்கள், சொல்லிவிடாதீர்கள்.

வாசல் கோலமும் இதையே காட்டும். நடுவில் 5 புள்ளி, இருபுறமும் ஊடுபுள்ளியாக 4, 3, 2, 1 என்று வைத்தால் மொத்தம் 25. சற்றுச் சாய்த்துப் பார்த்தால் வரிசைக்கு 5ஆக 5 வரிசை தெரியும். 9 புள்ளியில் தொடங்கி 1 வரை இறங்கினால் 81. “எனக்குப் படிப்பு வராது சார்” என்று கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் அம்மாக்களுக்கும் ஆயாக்களுக்கும் இதை நான் விளக்கவே தேவையில்லை. நீங்கள்தான் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

பெரிய எண்ணைக் கண்டதும் கடைசி இலக்கத்தைப் பார்க்க வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறோம். 2, 3, 7, 8இல் முடிந்தால் அது முழு வர்க்க எண்ணே இல்லை. ஆனால் சிலர் இதைத் திருப்பிப் போட்டு, 6இல் முடிவதெல்லாம் முழு வர்க்கம் என்று எழுதுகிறார்கள். 16 சரி, 26 இல்லை. உறுதியாகச் சொல்ல, பகாக் காரணிகளாக, அதாவது 2, 3, 7 போல மேலும் பிரிக்க முடியாத எண்களாகப் பிரித்து ஜோடி சேர்க்க வேண்டும். 1764ஐப் பிரித்தால் 2×2×3×3×7×7. எல்லாமே ஜோடி. ஜோடிக்கு ஒன்றாக எடுத்தால் 2×3×7, அதாவது 42. 72இல் 2×2×2×3×3 வரும். ஒரு 2 துணையில்லாமல் நிற்கும். கொட்டை அடுக்கிப் பழகிய பிள்ளைக்கு இது சுலபமாக வரும் என்று நம்புகிறேன். 1 முதல் 20 வரை வர்க்கங்களை ஒப்பிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வாய்பாடு தெரிந்தால் போதும்.

கட்டட வேலைக்குப் போகும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலை சரியாக இருக்கிறதா என்று நூல் பிடித்து 3 அடி, 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பீர்களே, அதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை செய்துகாட்டுங்கள். 3இன் வர்க்கம் 9உம் 4இன் வர்க்கம் 16உம் சேர்ந்தால் 5இன் வர்க்கம் 25 என்பதை நோட்டில் எழுதவைப்பது எங்கள் பொறுப்பு.

தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம். 2025 என்பது 45இன் வர்க்கம். அதற்கு முந்தைய வர்க்க ஆண்டு 1936, அடுத்தது 2116. வீட்டில் 1936ஐப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர் இரண்டு வர்க்க ஆண்டுகளைக் கண்டவர். பிள்ளையிடம் அவர் பெயரை எழுதி அனுப்புங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு எட்டாம் வகுப்பு அறையில் பெற்றோர் கூட்டம். வேலை முடிந்து தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, 6 மணி வரை நானும் கணக்கு ஆசிரியரும் இருப்போம். பிள்ளையின் கணக்கு நோட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்