புளிப்பில்லாத அப்பம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாச்சு, திட்டாதே. மும்பையில் மழை விட்டபாடில்லை, ராத்திரி கரைத்து வைத்த தோசைமாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து அடுப்புமேடை முழுக்கக் கிடக்கிறது.

அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் சின்னவள் ஆங்கிலக் குறுக்கெழுத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'அஸிமஸ்' என்று ஒரு சொல். தேடிப் பார்த்தால் புளிப்பில்லாத ரொட்டியைக் குறிக்கிறதாம். கிரேக்கத்தில் ஸைமே என்றால் புளித்த மாவு, முன்னால் வரும் 'அ' நம்ம அநீதியில் வருகிற 'அ' மாதிரிதான். பள்ளியில் படித்தோமே என்சைம், அதற்குள்ளும் இதே ஸைமேதான் இருக்கிறது. இந்தச் சொல்லை இன்று யாரும் பேச்சில் எடுப்பதில்லை, 11ஆம் நூற்றாண்டில் ரோம் சபையும் கான்ஸ்டான்டிநோபிள் சபையும் திருப்பலி அப்பத்தில் புளிப்பு இருக்கலாமா கூடாதா என்று முட்டிக்கொண்ட கதையைப் படித்தால் இதன் உறவுக்காரச் சொல் வரும், அவ்வளவுதான்.

எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஞாயிறு பள்ளி. பைபிளின் யாத்திராகமத்தில் 'புளிப்பில்லாத அப்பம்' வந்ததும், அப்பத்துக்கு யாராவது புளி ஊத்துவாங்களா டீச்சர் என்று கேட்டுக் குட்டு வாங்கினாயே! அந்தக் கேள்வி அப்படி ஒன்றும் மோசமில்லை. ஆங்கிலத்தில் புளித்த மாவுக்குப் புழங்கும் லெவன் என்ற சொல், லத்தீனில் 'தூக்குவது' என்ற சொல்லிலிருந்து வந்தது, அவர்கள் மாவு எழும்புவதைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள், நாம் நாக்கில் வைத்துப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறோம். எபிரேயத்திலும் நம்மைப் போலத்தான், புளித்த மாவு ஹமெட்ஸ், வினிகர் ஹோமெட்ஸ், இரண்டுக்கும் ஒரே வேர்.

முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர், பெனே இஸ்ரேல் என்கிற இந்திய யூதர், வீட்டில் மராத்திதான் பேசுவார், ஒருமுறை பஸ்கா பண்டிகை முடிந்து மட்ஸா என்கிற புளிப்பில்லாத ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்கணுமாம், இல்லாவிட்டால் புளித்ததாகக் கணக்கு. உப்பிவிடாமலிருக்க உடம்பெல்லாம் வரிசையாகப் பொத்தல். கடித்தால் உப்பில்லாத அப்பளத்தைத் தணலில் சுட்ட மாதிரி மொறுக்கென்று இருந்தது, ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வெண்ணெய் தடவியதும் நாலு துண்டு போனது தெரியவில்லை.

அப்போ நம்ம சப்பாத்தியும் அஸிமஸ்தானே என்கிறாள் சின்னவள். ஆமாம்தான். காலையில் பாவ் வாங்க கீழே இறங்கச் சோம்பல்பட்டு, இனி டப்பாவில் சப்பாத்தியையே வை என்கிறாள்.

சரி, அம்மாவிடம் கேட்டுச் சொல், மழைக்காலத்தில் மாவு இப்படிப் பொங்காமலிருக்க அவர்கள் என்ன செய்வார்கள்?

உன்,
மேரி