சொக்குவுக்கு, இலங்கைப் பயணம் பற்றி

அன்பு சொக்கு,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய பயணத் திட்டமும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஊருணி நிரம்பிவிட்டது. போன வாரம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய் வந்தேன். வேட்டங்குடி சரணாலயத்தில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. இந்தத் தீபாவளிக்கும் அந்த ஊரில் வெடிச் சத்தமே இல்லையாம். பறவைக்காகப் பிள்ளைகள் பட்டாசை விட்டுக்கொடுக்கிற ஊர் அது. அங்கே போய் நின்றாலே மனசு நிறைந்துவிடுகிறது.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். மன்னார், வில்பத்து, யால, புந்தல என்று நீ எழுதியிருக்கிற பட்டியலைப் பார்த்தால் பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடும். பூநாரையும் உள்ளானும் பார்க்கத்தானே மன்னாரும் புந்தலவும்? தை மாதம் தனுஷ்கோடிக்குப் போனால் பூநாரை நமக்கே கிடைக்கும், கோடியக்கரையும் தூரமில்லை. கடல் தாண்டிப் போகிறோம் என்றால் அங்கே மட்டும் இருப்பதைப் பார்க்க வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் 30க்கும் மேல் இலங்கையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கு மழைக்காட்டையும் மலைநாட்டையும் நம்பித்தான் வாழ்கின்றன. ஆகவே சிங்கராஜா மழைக்காட்டில் நாலைந்து இரவு, மலைநாட்டில் நுவரெலியாவில் இரண்டு இரவு. மற்றதையெல்லாம் அடித்துவிடு.

ஒரே காட்டில் அத்தனை நாளா என்று நீ கேட்பாய். அங்கே பறவைகள் கலவைக் கூட்டமாகத் திரிகின்றன. நம் கொல்லையில் தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டிக்கொண்டு போகும்போது கவனித்திருப்பாய். கொஞ்சம் பின்னால் வேலிக்கல்லில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கும். சருகிலிருந்து தத்துக்கிளி கிளம்பியதும் பாய்ந்து பிடித்துக்கொண்டு, அதே கல்லுக்குத் திரும்பி வந்து அதன் காலை உதறித் தின்னும். சிங்கராஜாவில் இதே உறவுதான், ஆனால் மிகப் பெரிதாக. முன்னால் ஆரஞ்சு அலகுச் சிலம்பன்கள் சலசலத்துப் போகும், கூடவே கொண்டைக் கரிச்சான் போகும். அது மற்றப் பறவைகளின் குரலையும் எச்சரிக்கை ஒலியையும் அப்படியே எடுத்துப் பாடும், அதைக் கேட்டு மற்றவை வந்து சேரும் என்று அங்கேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். இந்தக் கூட்டங்களை 1980களிலிருந்து பதிவு செய்கிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் 40 பறவைகள், 10க்கும் மேற்பட்ட இனங்கள். செம்முகப் பூங்குயில், தீக்காக்கை, அதிர்ஷ்டம் இருந்தால் இலங்கை நீல வால்காக்கை எல்லாம் அதில் இருக்கும். கூட்டம் தலைக்கு மேல் வந்தால் எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறும். போய்விட்டால் மணிக்கணக்கில் காடு வெறும் பச்சையாகத்தான் இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு ஓடிப் பிடிக்க முடியாது, இருந்துதான் பார்க்க வேண்டும். ஒரு காலை மட்டும் ஒதுக்கிப் போகிறவர்கள் பலர் அட்டைக்கடியோடு திரும்புவது இதனால்தான்.

இன்னொரு காரணம் ஒரு சின்ன ஆந்தை. காதுக் குஞ்சம் இல்லாத செம்பழுப்பு நிற ஆந்தை. தீபால் வரகாகொட என்ற பறவை அறிஞர் 1995இல் இதன் குரலை மட்டும் கேட்டார். கண்ணால் பார்க்க 2001 ஆகிவிட்டது. 2004இல் புது இனமாக அறிவித்து, திலோ ஹொஃப்மன் பெயரை அறிவியல் பெயரில் வைத்தார்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவை வெட்டத் தொடங்கியபோது எதிர்த்து நின்று போராடியவர்களில் அவர் ஒருவர். அந்தக் காடு தப்பித்து 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. காட்டைக் காப்பாற்றியவரின் பெயர் அந்தக் காட்டின் ஆந்தைக்கு! இதைப் படித்த நாளிலிருந்து அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது எனக்கு.

நுவரெலியாவை ஏன் விடவில்லை என்றால், ஊர் நடுவிலிருக்கும் விக்டோரியா பூங்காவுக்காக. கோடையில் காஷ்மீரில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிருக்கு அங்கே வருகிறது. ஆறுமணிக்குருவியும் வரும். போன வருஷம் எங்கள் இரண்டாங்கட்டு முற்றத்தில் ஒன்று களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, குங்குமச் சிவப்பில் அடிவயிறு, கட்டை வால். கிட்டப் போயும் பறக்கவில்லை. தண்ணீர் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம், சாயங்காலம் போய்விட்டது. அதன் சொந்தக்காரர்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம்.

மாசி மாதம் சரியாக இருக்கும். சிங்கராஜா எப்போதும் நனைகிற காடுதான் என்றாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை சற்றுக் குறைவு. வலசை வந்தவையும் திரும்பியிருக்காது. குடாவ வாசல் வழியாக நுழைவோம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அட்டைக்கு முழங்கால் வரை துணிக் காலுறை இரண்டு ஜோடி தைத்துக்கொள். தொலைநோக்கி 8 மடங்கு, முன்வில்லை 42 மில்லிமீட்டர் இருந்தால் போதும். உன்னுடைய 12 மடங்கு அந்த இருட்டில் கை நடுக்கத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அழைக்கக் கூடாது. போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதென்று அது கூட்டையும் இரையையும் விட்டு ஓடி வரும். நம் படத்துக்காக அதை அலைக்கழிப்பது நியாயமில்லை. வழிகாட்டி அப்படிச் செய்ய முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

திரும்பும்போது கொழும்பில் ஒரு பொழுது. எங்க ஐயா கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போன ஊர். செட்டியார் தெருவில் கதிரேசன் கோவிலில் கும்பிட்டுவிட்டு விமானம் ஏறுவோம்.

திருச்சியிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது, நீ முந்தின நாளே காரைக்குடி வந்துவிடு. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்று இன்றே எடுத்துப் பார். நுழைவு அனுமதியை நான் இணையத்தில் பதிகிறேன். மாசி மகத்துக்கு முன்பா பின்பா என்று மட்டும் எழுது, அதை வைத்துத் தங்குமிடத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ராமு
கானாடுகாத்தான்