பள்ளிக்கூட வேலைக்குப் போ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ‘உன் கடிதம் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது’ என்ற ஒரே வாக்கியத்தை ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய டச்சு அறிஞர் எராஸ்மஸ் நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் லத்தீனில் எழுதிக் காட்டினார் என்று ஒருமுறை சொன்னாய். எனக்கு ஒரு விதம்தான் வரும்: கடிதம் கண்டேன், சந்தோஷம்.

ஆராய்ச்சி ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது, ஒரு பள்ளியில் லத்தீன் டீச்சர் வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போ.

பள்ளிக்கூடத்துக்குப் போனால், நீ ஆராயும் பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் லிப்சியஸின் லத்தீன் கடிதங்கள் அவ்வளவுதான் என்று பயப்படுகிறாய். எராஸ்மஸ் கடிதங்களைப் பதிப்பித்த பி.எஸ். ஆலனை மறந்துவிட்டாயா? 1897 முதல் 1901 வரை லாகூர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். எராஸ்மஸின் கையெழுத்து இருக்கும் நூலகங்கள் எங்கே, லாகூர் எங்கே! இங்கிலாந்து திரும்பி, மனைவி ஹெலனோடு ஐரோப்பிய நூலகங்களில் ஏறி இறங்கி, கடிதம் கடிதமாகப் பார்த்து, 1906இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். 1933இல் இறந்துபோனார். மீதியை ஹெலனும் நண்பர்களும் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது தொகுதியான அடைவு 1958இல்தான் வந்தது. மொத்தம் 3,000க்கும் மேற்பட்ட கடிதங்கள். பிந்தைய தொகுதிகளின் முகப்பில் ஹெலன் பெயரும் இருக்கிறதாமே, அது எனக்குப் பிடித்திருந்தது.

உன் லிப்சியஸ் மட்டும் என்ன, ஒரே இடத்திலா இருந்தார்? யேனாவில் லூத்தரன்களோடு, லெய்டனில் கால்வினியர்களோடு, கடைசியில் லூவனில் கத்தோலிக்கர்களோடு. மூன்றும் அப்போது ஒன்றையொன்று எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவுகள். கட்சி மாறுவதில் நம்மூர் அரசியல்வாதிகள் தோற்றார்கள். ஆனால் எங்கே போனாலும் கடிதம் எழுதுவது நிற்கவில்லை. எழுதியதைத் திருத்தி, நூறு நூறாகக் கட்டி அவரே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார், முதல் நூறு 1586இல். கையெழுத்துப் பிரதியையும் அச்சையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி காணாமல் போனது, எது புதிதாக முளைத்தது என்று பார்ப்பதுதானே உன் வேலை? அதைச் சனி ஞாயிறிலும் கோடை விடுமுறையிலும் செய்யலாம். மெதுவாகத்தான் நகரும், மறுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் விண்ணப்பம் எழுதுவதில் உனக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

சித்தப்பா போன வாரம் வந்திருந்தார். “செத்த மொழியைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சானது, வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது, இரண்டும் லத்தீனில்தான் இருக்கின்றன என்றேன். “அப்படியா” என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவருக்காக நீ பாடத்தை மாற்ற வேண்டாம். ஆனால் லிப்சியஸ் அலுக்கும்போது வீரமாமுனிவர் பக்கமும் ஒரு எட்டுப் போய்ப் பார். அவர் லத்தீனையும் படித்து, அவர் விளக்கும் தமிழையும் காதால் கேட்டு வளர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் விசாவைப் பள்ளியே பார்த்துக்கொள்ளுமா, கோடை மாதங்களுக்கும் சம்பளம் உண்டா என்று கேட்டுவிடு. அம்மா பருப்புப்பொடி பார்சல் அனுப்பியிருக்கிறாள். வந்ததும் போன் பண்ணச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா