சராசரி நம்பர மட்டும் போட்டா எப்படி சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தொற்றுநோய் பத்தி வந்த கட்டுரையில "கணித மாடல் எல்லாம் ஒரு வகை ஜோசியம்தான்"னு ஒரு வரி. படிச்சதுல இருந்து மனசு ஆறல. உங்களுக்குத் தெரியாததில்ல, 1927ல கெர்மாக், மெக்கென்ட்ரிக்னு ரெண்டு ஆய்வாளர்கள் நோய் எப்படிப் பரவும்னு சமன்பாடு எழுதினப்பவே பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோட ஒப்பிட்டுப் பாத்துதான் வெளியிட்டாங்க. இதப் போய் ஜோசியம்னா என்ன சொல்றது.

அதுல குறை இல்லன்னு நான் சொல்ல வரல. எல்லாரும் எல்லாரோடயும் ஒரே மாதிரி கலந்து பழகுறதா வச்சுக்கிட்டுதான் அந்தக் கணக்கு ஓடுது, நெஜத்துல யாரும் அப்படிப் பழகுறதில்ல, அதனாலதான் ஆள புள்ளியாவும் பழக்கத்த கோடாவும் வச்சுப் பாக்குற நெட்வொர்க் மாடலே வந்துச்சு. சில புள்ளிக்கு மட்டும் எக்கச்சக்கமா கோடு இருந்தா, லேசா பரவுற நோய்கூட ஒழியாம சுத்திக்கிட்டே இருக்கும்னு 2001ல பாஸ்டர் சட்டோராஸ், வெஸ்பிக்னானின்னு ரெண்டு இயற்பியல் ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க. ஆனா உங்க கட்டுரையில "ஒருவர் 3 பேருக்குப் பரப்புவார்", அதோட முடிஞ்சுது.

கோவிட் சமயத்துல நான் காண்டாக்ட் ட்ரேசிங் வேலை பாத்தவன். பாசிட்டிவ் வந்தவங்களுக்குப் போன் போட்டு யார் யாரப் பாத்தீங்கன்னு கேட்டு ஷீட்ல எழுதணும். அப்புறம் அதுல யாருக்கெல்லாம் வந்துச்சுன்னு டிக் பண்ணணும். பாதிக்கு மேல பேர் கிட்ட ஒரு டிக்கும் விழாது, விழுந்தா வீட்ல ஒருத்தர். திடீர்னு ஒரு ஆள் பேருக்குக் கீழ எடம் பத்தாம பின்பக்கம் திருப்பி எழுதுவோம். அவர் செஞ்ச தப்பெல்லாம் ஜன்னல் சாத்தின ரூம்ல ஒரு மீட்டிங்ல உக்காந்து பேசினதுதான். இவங்க எல்லாரையும் சேத்து வகுத்தா 3 வரும், ஆனா அந்த 3ங்கற ஆள நான் ஷீட்ல அனேகமா பாத்ததே இல்ல. அமெரிக்காவுல 2020 மார்ச்ல ஒரு கோரஸ் குழு பிராக்டிஸுக்கு வந்த 61 பேர்ல 53 பேருக்கு நோய், டெஸ்ட்ல உறுதியானது மட்டும் 33. 2003ல சார்ஸ் நோய் பரவினப்பவும் இதே கதைதான், ஒரு சிலர்கிட்ட இருந்துதான் நெறைய பேருக்குப் போச்சு.

இது வெறும் புத்தகக் கணக்குன்னு நினைச்சுடாதீங்க. தடுப்பூசி கம்மியா இருந்தா, கண்ணுல பட்டவங்களுக்குப் போடாம, அவங்கள ஒரு தெரிஞ்சவர் பேரச் சொல்லச் சொல்லி அந்தத் தெரிஞ்சவருக்குப் போடுங்கன்னு 2003லயே ஒரு வழி சொன்னாங்க. நெறைய பேரோட பழகுறவர் பேருதான் அடிக்கடி வரும்ல, அதான் காரணம். இத ஒரு தடவையாவது எழுதியிருக்கீங்களா?

ரெண்டாவது அலை நேரத்துல உச்சம் எப்பன்னு ஒரே ஒரு தேதியத் தலைப்பா போட்டீங்க, ஆய்வுல இருந்தது இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதிக்குள்ளன்னு ஒரு வீச்சு. அந்தத் தேதி தாண்டினதும் "கணிப்பு பொய்த்தது"ன்னு இன்னொரு தலைப்பு. இப்படியே போனா இவ்வளவு பேருக்கு வரும்னு சொன்னதக் கேட்டு ஜனங்க வீட்ல இருந்தாங்க, எண்ணிக்கை கொறஞ்சுது, அது பொய்த்ததா? ஓரத்துல நம்பரே இல்லாம கிராஃப் போட்டதுக்கு எழுதின கடிதத்த ரெண்டு வரியா வெட்டிப் போட்டீங்க, அதுக்கும் பொறுத்துக்கிட்டேன். பல வருஷ வாசகன், உரிமையோடதான் கேக்குறேன்.

பெருசா ஒண்ணும் வேணாம். அடுத்த தடவை "ஒருவர் இத்தனை பேருக்கு"ன்னு போடும்போது, இது சராசரி, ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும்னு பக்கத்துல ஒரு வரி சேத்துடுங்க. கிராஃப்ல ஓரத்து நம்பரையும் அழிக்காம விட்டுடுங்க.

இப்படிக்கு,
பழைய வாசகன்